மீசை ஏன் பெண்பால்? பிரெஞ்சு படிக்கத் தொடங்கியவர்களுக்கு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிழமைக்கு மூன்று நாள் பின்நேரம் பிரெஞ்சு வகுப்பு நடக்கும். பெரிய வகுப்பு ஒன்றுமில்லை. ஆறேழு பேர், ஒரு கரும்பலகை, நடுவில் தேத்தண்ணி. வருபவர்களில் பாதிப் பேரின் கணவன்மார் பிரான்சில் இருக்கிறார்கள். பரந்தனிலிருந்து சைக்கிளில் வரும் பெடியன் ஒருவன், விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு அக்காமார் என்று மிச்சப் பேர்.

முதல் மாதம் எல்லாரும் சந்தோசமாகப் படிப்பார்கள். வணக்கம், நன்றி, என் பெயர் இன்னது. இரண்டாவது மாதம், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்டி நிற்கும் "லு", "லா" வரும். அங்கேதான் சண்டை தொடங்கும்.

"ரீச்சர், மீசை எப்பிடிப் பொம்பிளையாகும்?"

கேட்டவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கோபம். பிரெஞ்சில் மீசை "லா முஸ்தாஷ்", தாடி "லா பார்ப்". இரண்டும் பெண்பால். கழுத்தில் கட்டும் ரை "லா க்ராவாத்", அதுவும் பெண்பால். ஆண்கள் போடும் சட்டை "லா ஷுமீஸ்", பெண்பால். பெண்கள் போடும் பிளவுஸ் "லு ஷுமீஸியே", ஆண்பால். சேலையைக்கூட "லு சாரி" என்று ஆண்பாலில்தான் சொல்கிறார்கள்.

இதற்கு ஊரில் பல விளக்கம் உண்டு. மென்மையான பொருள் பெண்பால், முரட்டுப் பொருள் ஆண்பால் என்பார் ஒருவர். ஆங்கில "ஈ" எழுத்தில் முடிந்தால் பெண்பால் என்பார் இன்னொருவர். பால் பிழைத்தாலும் வெள்ளைக்காரனுக்கு விளங்கும், விட்டுவிடு என்று பாரிசில் இருந்து வொயிஸ் அனுப்புவார் மச்சான். முதல் இரண்டும் பிழை. மூன்றாவது பாதி சரி. அந்தப் பாதியைப் பிறகு பார்ப்போம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பிரெஞ்சு ஒலிகள் தமிழ் எழுத்துக்குள் முழுதாக அடங்காது. "அன்", "பேன்", "சோன்" என்று நான் எழுதும் இடங்களில் கடைசி "ன்" நாக்கில் படாமல் மூக்கோடு போய்விடும். கேட்டுப் பழகுவதைத் தவிர வழியில்லை.

மாட்டுக்குக் குறி

வன்னியில் பட்டி மாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். மாட்டுக்குக் குறி சுடுவார்கள். அந்தக் குறியைப் பார்த்தால் மாடு எந்த வீட்டுப் பட்டி என்று தெரியும். மாடு சாதுவா, முட்டுமா, எவ்வளவு பால் கறக்கும் என்பதெல்லாம் குறியில் இல்லை. இன்னாருடைய பட்டி, அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் பெயர்ச்சொற்களும் இரண்டு பட்டியாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு பட்டிக்கு ஆண்பால் என்று பெயர் வைத்தார்கள், மற்றதற்குப் பெண்பால். முதலாம் பட்டி, இரண்டாம் பட்டி என்று வைத்திருந்தால் இந்த விறாந்தையில் பாதிச் சண்டை நடந்திருக்காது. மனிதர்களைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் அவரவர் பாலுக்கு ஏற்ற பட்டியில் நிற்பதால் அந்தப் பெயர் வந்தது. அப்பா ஆண்பால் பட்டியில், அம்மா பெண்பால் பட்டியில். மற்றப்படி மேசைக்கும் மீசைக்கும் பெண்மை என்று ஒன்றும் கிடையாது. பிரெஞ்சுக்காரர் மீசையைப் பார்க்கும்போது பெண்ணை நினைப்பதில்லை. பால் "முஸ்தாஷ்" என்ற சொல்லுக்குச் சொந்தம். முகத்தில் இருக்கிற மயிருக்கு அது கிடையாது.

நம்பாவிட்டால் இதைப் பாருங்கள். "ஆள்" என்பதற்குப் பிரெஞ்சில் "லா பெர்சொன்". எப்போதும் பெண்பால். அந்த ஆள் ஆறடி உயர ஆணாக இருந்தாலும் "லா பெர்சொன்" தான். பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும் "லா விக்தீம்" அப்படியே. மனிதரைக் குறிக்கும் சொல்லிலேயே சொல்லின் பாலும் ஆளின் பாலும் பிரிந்து போகின்றன என்றால், கதிரையில் போய் எதைத் தேடுவது?

தமிழில் இது இல்லையா?

"எங்கட தமிழில இந்தக் கரைச்சல் இல்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தமிழ் உலகத்தை முதலில் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. மனிதர் ஒரு பக்கம், மற்றதெல்லாம் மறுபக்கம். பிறகு ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்து. பொருளைப் பார்த்துப் பிரிப்பதால் எங்களுக்கு இது இயல்பாகத் தெரிகிறது. ஆனால் எங்கள் பிரிப்பும் முழுக்கப் பொருளோடு ஒத்துப்போவதில்லை. "குழந்தை அழுகிறது" என்கிறோம். குழந்தை மனிதன் இல்லையா? "குழந்தை அழுகிறான்" என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் திருத்துவார்கள். குழந்தை என்ற சொல் அஃறிணை முடிபு கேட்கிறது, அவ்வளவுதான். "சூரியன்" என்ற சொல்லின் வாலில் "அன்" இருக்கிறது, ஆனால் "சூரியன் உதித்தது" என்கிறோம். கதை சொல்லும்போது மட்டும் "உதித்தான்" ஆகிறான். பிரெஞ்சில் சூரியன் "லு சொலெய்", ஆண்பால். நிலா "லா லூன்", பெண்பால். இது இயற்கையாக இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஜெர்மன் மொழிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சூரியன் பெண்பால், நிலா ஆண்பால்.

இனித்தான் முக்கியமான வித்தியாசம். தமிழில் பால் எங்கே தெரிகிறது? வினையின் வாலில். வந்தான், வந்தாள், வந்தது. பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லில் தெரிவதில்லை: நல்ல பெடியன், நல்ல பெட்டை, நல்ல கதிரை. "நல்ல" அசையவில்லை.

பிரெஞ்சில் இது தலைகீழ். "அவன் வருகிறான்", "அவள் வருகிறாள்" இரண்டுக்கும் வினை ஒன்றுதான்: "இல் வியேன்", "எல் வியேன்". பால் தெரிவது பெயரைச் சுற்றி நிற்கும் சொற்களில். முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லிலும், நல்ல, பெரிய, சின்ன என்று பண்பு சொல்லும் சொல்லிலும். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் வினையைத் தடவித் தடவித் திருத்துகிறார்கள், "சின்ன" என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிழை மூளையில் இல்லை. தமிழ் பழக்கிய கண் வினையின் வாலையே பார்க்கிறது.

இதுவரை சொன்னது: பிரெஞ்சுப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் இரண்டு பட்டியில் ஒன்றைச் சேர்ந்தது. பட்டி சொல்லுக்கு உரியது. தமிழ் பாலை வினையில் காட்டும், பிரெஞ்சு பெயரைச் சுற்றியுள்ள சொற்களில் காட்டும்.

கதிரையும் அலுமாரியும் எங்கிருந்து வந்தன

சரி, இந்தப் பட்டி பிரித்தது யார்? பிரெஞ்சு லத்தீனிலிருந்து வளர்ந்த மொழி. லத்தீனில் மூன்று பால் இருந்தது: ஆண், பெண், இரண்டும் அல்லாத ஒன்று. பிரெஞ்சு வளர்ந்த காலத்தில் அந்த மூன்றாவது பால் கரைந்துபோனது. அதில் இருந்த சொற்களில் பெரும்பாலானவை ஆண்பாலுக்குப் போயின, சில பெண்பாலுக்கு. யாரும் மேசை போட்டு உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. பாட்டன் பூட்டன் வழியாக வந்த குறி.

இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கையில் இருந்தது. போகும்போது எங்கள் வாயில் சில சொற்களை விட்டுப்போனார்கள். கதிரை, மேசை, பாண், அலுமாரி. போர்த்துக்கேயமும் லத்தீனின் பிள்ளைதான். அதாவது நாங்கள் தினமும் சொல்லும் இந்தச் சொற்களுக்குப் பாரிசில் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.

கதிரைக்குப் போர்த்துக்கேயத்தில் "கதெய்ரா", பிரெஞ்சில் "ஷேஸ்". கேட்க ஒற்றுமை தெரியாது, ஆனால் இரண்டும் "கதேத்ரா" என்ற ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். அந்தச் சொல் பெண்பால், ஆகவே "லா ஷேஸ்". பாணுக்கு லத்தீனில் "பானிஸ்", ஆண்பால். பிரெஞ்சில் "லு பேன்", ஆண்பால். (தலையில் ஊர்வது இல்லை, சம்பலோடு தின்பது.) மேசை விசயத்தில் மட்டும் பிரெஞ்சு வேறு லத்தீன் சொல்லை எடுத்தது, "தாபுலா". அதுவும் பெண்பால், அதனால் "லா தாப்ல்".

அலுமாரிதான் எனக்குப் பிடித்த சாட்சி. லத்தீனில் அது "அர்மாரியும்", அந்த மூன்றாவது பால். மூன்றாவது பால் கரைந்தபோது போர்த்துக்கேயத்தில் அது ஆண்பாலுக்குப் போனது, "அர்மாரியு". பிரெஞ்சில் பெண்பாலுக்குப் போனது, "லா ஆர்ம்வார்" என்று வரவேண்டியது உயிர் எழுத்துக்கு முன் சுருங்கி "லார்ம்வார்" ஆகும். வன்னிக்கு வந்ததும் அலுமாரி அஃறிணை. ஒரே பெட்டி, இரண்டு கதவு, உள்ளே சேலை. மூன்று மொழியில் மூன்று குறி. அலுமாரிக்குள் ஆண்மையோ பெண்மையோ இருந்தால் இது நடந்திருக்காது.

குறி மாட்டில் இல்லை

இனி உண்மையான பொறிமுறை. மாட்டு உவமை இந்த இடத்தில் கொஞ்சம் நொண்டும். மாட்டில் குறியை நேரே பார்க்கலாம். "ஷேஸ்" என்ற சொல்லைத் தனியாகப் பார்த்தால் குறி தெரியாது. குறி, அதோடு கூட வருபவர்களில் தெரியும்.

பெயருக்கு முன் வரும் குட்டிச் சொல்லை ஆர்ட்டிகிள் என்பார்கள். ஆண்பாலுக்கு "லு" அல்லது "அன்", பெண்பாலுக்கு "லா" அல்லது "யூன்". "லு", "லா" குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும். "அன்", "யூன்" என்றால் ஏதோ ஒன்று. பலவாக வந்தால் இரண்டு பட்டிக்கும் "லே" தான், அங்கே பால் மறைந்துவிடும்.

அடுத்தது பண்பு சொல்லும் சொல். "சின்ன" என்பதற்கு ஆண்பாலில் "பெத்தி", பெண்பாலில் "பெத்தித்". சின்னப் பாண் "அன் பெத்தி பேன்", சின்னக் கதிரை "யூன் பெத்தித் ஷேஸ்". ஒரு பெயர் தன் குறியைச் சுற்றியுள்ள சொற்களிலும் பதிக்கச் சொல்வதை இயைபு என்கிறோம். பிரெஞ்சில் பால் என்று நாம் அவஸ்தைப்படுவது எல்லாம் இந்த இயைபுதான். மேசை பெண்ணா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மேசையோடு எந்த வடிவம் வரும் என்று கேளுங்கள்.

காதுக்கு ஒரு உதவி: எழுத்தில் பெண்பாலுக்குப் பெரும்பாலும் கடைசியில் ஒரு "ஈ" எழுத்துச் சேர்க்கிறார்கள். அந்த எழுத்து ஒலிக்காது. ஆனால் அதற்கு முன்னால் ஊமையாகக் கிடந்த மெய்யை எழுப்பிவிடும். "பெத்தி" என்பதில் கடைசி "த்" ஊமை, "பெத்தித்" என்பதில் அது எழும்புகிறது. பெரிய என்பதற்கு "க்ரான்", பெண்பாலில் "க்ரான்த்".

இதில் ஒரு சின்னச் சோகம். எங்கள் வகுப்பு அக்காமார் பலர் யூரியூப்பில் ஆண்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுகிறார்கள். "நான் சந்தோசமாக இருக்கிறேன்" என்பதை "ஜு சுவி கோந்தான்" என்று அப்படியே சொல்கிறார்கள். அது ஆண் சொல்வது. பெண் சொன்னால் "ஜு சுவி கோந்தாந்த்". தமிழில் "நான்" என்ற இடத்தில் பாலே கிடையாது, யார் சொன்னாலும் இருக்கிறேன்தான். அதனால் இந்தப் பிழை காதில் உறைப்பதில்லை.

கடைசியாக "அது". தமிழில் திறப்பு எங்கே என்றால் "அது மேசையில் இருக்கு" என்போம். பிரெஞ்சில் பெயருக்குப் பதிலாக "இல்" அல்லது "எல்" வரவேண்டும், பட்டியைப் பார்த்து. திறப்பு "லா கிளே", பெண்பால். ஆகவே "எல் எ சூர் லா தாப்ல்". இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது "அவள் மேசையில் இருக்கிறாள்" என்று எழுதிய கொப்பியை நான் திருத்தியிருக்கிறேன். ஒரு திறப்புக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம்.

அவனுடைய கணவன்?

மொழிபெயர்ப்பில் அதிகம் விழும் குழி இது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"அவனுடைய", "அவளுடைய" என்பதற்குப் பிரெஞ்சில் "சோன்", "சா". பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் சோன் என்றால் அவனுடைய, சா என்றால் அவளுடைய என்று கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். அது பிழை. தமிழும் ஆங்கிலமும் உடமைக்காரரைப் பார்க்கின்றன. பிரெஞ்சு உடமையைப் பார்க்கிறது.

அப்பா ஆண்பால், ஆகவே "சோன் பேர்". அவனுடைய அப்பா என்றாலும் அதுதான், அவளுடைய அப்பா என்றாலும் அதுதான். அம்மா பெண்பால், "சா மேர்". மகனுடைய அம்மாவும் மகளுடைய அம்மாவும் "சா மேர்". மாட்டின் குறியைப் பார்க்கிறார்கள், மேய்க்கிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிழையான குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் "சோன் மாரி" என்பதை "அவனுடைய கணவன்" என்று மொழிபெயர்த்தார். "மாரி" என்றால் கணவன். கணவன் ஆண்பால் சொல், அதனால் "சோன்". கதையில் நிற்பவள் மனைவி, ஆகவே "அவளுடைய கணவன்". வகுப்பு முழுக்கச் சிரித்தது. எழுதியவரும் சிரித்தார், நல்லவேளை.

அப்படியென்றால் யாருடைய அம்மா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் முன்னால் வரும் வசனம் சொல்லும். "எல் அபித் அவெக் சா மேர்" என்றால் அவள் தன் அம்மாவோடு இருக்கிறாள் என்றே முதலில் எடுப்போம். இந்த இடத்தில் தமிழின் "தன்" கைகொடுக்கும். "அவளுடைய அம்மா" என்று எழுதினால் அது வேறு ஒருத்தியின் அம்மாவோ என்று சந்தேகம் வரும். "தன் அம்மா" என்றால் வராது. பிரெஞ்சில் பிரித்துக் காட்டியே ஆகவேண்டும் என்றால் பின்னால் "ஆ எல்" அல்லது "ஆ லுவி" சேர்ப்பார்கள்: அவளுக்குரிய, அவனுக்குரிய.

இதற்குள் இன்னொரு குழப்பம். தோழி "அமி", பெண்பால். ஆனால் "சா அமி" என்று சொல்லமாட்டார்கள், "சோன் அமி" என்பார்கள். என் பள்ளிக்கூடம் "மோன் எகோல்", எகோல் பெண்பாலாக இருந்தும். பால் மாறிவிட்டதா? இல்லை. இரண்டு உயிர் ஒலிகள் அடுத்தடுத்து இடிபடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. நாங்கள் "ஒரு மாடு" என்றும் "ஓர் ஆடு" என்றும் எழுதுகிறோமே, அந்த மாதிரி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, பின்னால் உயிர் வருகிறது. "லு", "லா" இரண்டும் உயிருக்கு முன் வெறும் "ல்" ஆகச் சுருங்குவதும் இதனால்தான். அங்கே பால் முற்றாக மறைந்துவிடும், "லெகோல்" என்று கேட்டால் எந்தப் பட்டி என்று பிடிக்க முடியாது.

சுருக்கம்: சோன், சா இரண்டும் உடமைப் பெயரின் பாலைக் காட்டும், உடமைக்காரரின் பாலைக் காட்டாது. உயிருக்கு முன் சா, சோன் ஆகும். அது ஒலிக்காக மட்டும்.

"அவர்" என்ற சிக்கல்

மறுபக்கம் போகும்போது தமிழும் பழி வாங்கும். "அவர் வந்தார்" என்பதில் வந்தது ஆணா பெண்ணா? மரியாதை தெரிகிறது, பால் தெரியவில்லை. "ஆசிரியர் வந்தார்", "வைத்தியர் சொன்னார்" எல்லாம் அப்படியே. பிரெஞ்சில் "இல்" அல்லது "எல்" என்று தெரிந்தெடுக்காமல் வசனம் தொடங்காது. போனில் மொழிபெயர்க்கப் போட்டால், சொல்லாத இடங்களில் அது ஆண் என்றே எடுத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஊர்க் கடிதம் ஒன்றில் "அவர்" என்று எழுதிய அம்மம்மா, பிரெஞ்சில் தாத்தா ஆகிவிடுவார்.

"அவர்கள்" வந்தாலும் இதே பாடு. பிரெஞ்சில் எல்லாரும் பெண்கள் என்றால் "எல்", நடுவில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் "இல்". பன்மையில் எழுத்துக் கூடும், ஒலி அப்படியே. இருபது பெண்களும் ஒரு பெடியனும் பஸ்ஸில் போனால் பிரெஞ்சு இலக்கணத்துக்கு அது ஆண்கள் கூட்டம். எனக்கு இது பிடிக்கவில்லை, பிரான்சிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பரீட்சையில் அப்படித்தான் எழுதவேண்டும்.

தொழில் பெயர்களில் நிலைமை மாறிவருகிறது. பிரெஞ்சு மொழியைப் பார்த்துக்கொள்ள 1635இல் தொடங்கிய பிரெஞ்சு அகாதமி நீண்டகாலம் தொழில் பெயர்களைப் பெண்பாலாக்குவதை எதிர்த்தது. 2019 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. இப்போது ஆசிரியைக்கு "லா ப்ரொஃபெஸேர்" என்று எழுதலாம். பழைய பாடப்புத்தகத்தில் ஆண்பால் மட்டும் இருந்தால் குழம்பவேண்டாம்.

ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று முன்னே சொன்ன "லா விக்தீம்", "லா பெர்சொன்". பத்திரத்தில் அடுத்த வசனம் "எல்" என்று தொடங்கும், சொல் பெண்பால் என்பதால். அதைப் பார்த்து "அவள்" என்று தமிழில் எழுதினால் ஆள் மாறிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் "அவர்" என்று எழுதுவது பாதுகாப்பு. எங்கள் மரியாதைச் சொல் அங்கே உதவுகிறது.

பிரெஞ்சுப் படிவங்களில் பிறந்த திகதி கேட்கும் இடத்தில் "நே" என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குள் ஒற்றை "ஈ" எழுத்து நிற்கும். அச்சுப்பிழை என்று நினைத்து அதை அழித்தவர் உண்டு. "பிறந்த" என்ற அந்தச் சொல்லும் இயைபுக்குக் கட்டுப்பட்டது. ஆண் என்றால் அந்த எழுத்து வேண்டாம், பெண் என்றால் வேண்டும். ஒலி இரண்டுக்கும் ஒன்று. நீங்களே ஒரு வசனமாக எழுதும்போது மறக்காமல் சேருங்கள்.

எப்படி நினைவில் வைப்பது

"ஈ எழுத்தில் முடிந்தால் பெண்பால்" என்ற குறுக்குவழியை விடுங்கள். அப்பாவைக் குறிக்கும் "பேர்" அந்த எழுத்தில்தான் முடிகிறது. அண்ணன் தம்பியைக் குறிக்கும் "ஃப்ரேர்", புத்தகம் "லிவ்ர்", எல்லாம் ஆண்பால். மறுபக்கம் வீடு "மேஸோன்", கை "மேன்" இரண்டும் அந்த எழுத்து இல்லாமலே பெண்பால்.

ஆனால் நம்பக்கூடிய வால்கள் சில உண்டு. "சியோன்" என்று ஒலித்து முடியும் நாசியோன், சித்துவாசியோன் போன்றவை அநேகமாக எல்லாம் பெண்பால். "லிபெர்தே" போலக் குணத்தைச் சொல்லித் "தே" என்று முடிபவையும் பெண்பால். "மான்" என்று முடியும் அபார்த்மான், குவெர்னுமான் ஆண்பால். "ஆஜ்" என்று முடியும் விலாஜ், ஃப்ரொமாஜ், காராஜ் ஆண்பால். இதில் சில கள்ளர் உண்டு: கடற்கரை "ப்ளாஜ்", படம் "இமாஜ்", பக்கம் "பாஜ்". மூன்றும் பெண்பால்.

மிச்சத்துக்கு ஒரே வழி, சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். கொப்பியில் "கதிரை: ஷேஸ்" என்று எழுதினால் பாதிச் சொல்தான் எழுதியிருக்கிறீர்கள். "யூன் பெத்தித் ஷேஸ்" என்று எழுதி, உரத்துச் சொல்லுங்கள். "லு", "லா" போடாமல் "அன்", "யூன்" போடச் சொல்வதற்குக் காரணம், உயிருக்கு முன்னும் அவை தங்கள் வேறுபாட்டைக் காட்டும்: "யூன் எகோல்", "அன் ஆர்ப்ர்". ஆர்ப்ர் என்றால் மரம்.

சில சொற்களுக்கு ஆர்ட்டிகிள்தான் அர்த்தமே. "லு தூர்" என்றால் சுற்று. 1903இல் தொடங்கிய அந்தச் சைக்கிள் ஓட்டப்போட்டி "லு தூர் து ஃப்ரான்ஸ்". "லா தூர்" என்றால் கோபுரம், 1889இல் கட்டிமுடித்த "லா தூர் ஐஃபல்". "லு லிவ்ர்" புத்தகம், "லா லிவ்ர்" இறாத்தல். சந்தையில் மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள்.

இனி மச்சானின் வொயிஸுக்கு வருவோம். பால் பிழைத்தால் விளங்குமா? விளங்கும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் "உங்கட அம்மா வந்தான்" என்று சொன்னால் எங்களுக்கு விளங்குவதுபோல விளங்கும். கடையில் பாண் வாங்க அது போதும். பரீட்சைத் தாளில் எழுத்துக்குப் புள்ளி குறையும், கடிதத்தில் "சோன்" இடம் மாறினால் யாருடைய யார் என்று வாசிப்பவர் தடுமாறுவார். அதனால் பேசும்போது பயப்படாமல் பிழையோடு பேசுங்கள், எழுதும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

போன கிழமை வகுப்பு முடியும் நேரம் மீசைக்குச் சண்டை பிடித்த அதே அக்கா கேட்டார்: "அப்ப நாடுகளுக்கும் பால் இருக்கோ?"

இருக்கிறது. பிரான்ஸ் பெண்பால், "லா ஃப்ரான்ஸ்". இலங்கையை வழக்கமாக ஆண்பாலில் "லு ஸ்ரீலங்கா" என்பார்கள். தமிழில் "பிரான்சில்" என்று வாலில் சேர்க்கும் இடப்பொருளைப் பிரெஞ்சில் சொல்லும்போது பெண்பால் நாட்டுக்கு முன் "ஆன்" வரும், ஆண்பால் நாட்டுக்கு முன் "ஓ" வரும். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்: "மோன் மாரி எ ஆன் ஃப்ரான்ஸ். ஜு சுவி ஓ ஸ்ரீலங்கா." என் கணவர் பிரான்சில் இருக்கிறார். நான் இலங்கையில் இருக்கிறேன்.

"அவர் இருக்கிற நாடு பொம்பிளை, நான் காத்திருக்கிற நாடு ஆம்பிளையோ?" என்றார் அக்கா. விறாந்தை முழுக்கச் சிரிப்பு.

ஊர்ப் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொன்னேன். ஊருக்கு முன் "ஆ" என்று போட்டால் போதும், பால் பார்க்கத் தேவையில்லை. அக்கா சோக்கட்டியை வாங்கி, ஸ்ரீலங்காவை அழித்துவிட்டு எழுதினார்: "ஜு சுவி ஆ கிளிநொச்சி."